மாங்கூழ் லாட்டும் பிளாக்செயின் தளமும்: டெவலப்பர் எங்கே தங்குகிறார், எங்கே கிளம்புகிறார்

பிளாக்செயின் உள்கட்டமைப்பு விற்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே சரக்கைத்தான் விற்கிறார்கள். எதீரியம் என்ற பொதுச் செயினின் ஒரு பிளாக்கை (பரிவர்த்தனைகளின் தொகுப்பை) யாரிடம் கேட்டாலும் அதே பிளாக்தான் வரும். பாலிகான் என்ற இன்னொரு செயினில் ஒரு பரிவர்த்தனையின் ரசீதை எந்த ஆர்பிசி முகவரியில் (செயினிடம் கேள்வி கேட்கும் இணைய முகவரியில்) கேட்டாலும் அதே ரசீதுதான். அப்படியிருக்க ஒரு தளத்தில் டெவலப்பர் மூன்று வருடம் தங்குகிறார், இன்னொன்றை மறுநாளே மூடிவிடுகிறார். காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு லாட் (ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கு) தடமறியும் மென்பொருள் எழுதும் வேலையைக் கூர்ந்து பார்த்தாலே போதும்.

வேலை இவ்வளவுதான். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்துத் தோப்புகளிலிருந்து பெங்களூரா காய் மண்டி வழியாக ஆலைக்கு வருகிறது. எடைமேடையில் சீட்டு போடுகிறார்கள், பழுக்க வைத்து, கழுவி, கூழாக்கி, அசெப்டிக் பையில் நிரப்பி, 215 கிலோ டிரம்மாக அடுக்குகிறார்கள். வெளிநாட்டில் வாங்குகிறவருக்கு ஒரு டிரம்மின் எண்ணைத் தட்டினால் அது எந்த லாட், என்ன பிரிக்ஸ் (இனிப்பின் அளவு), என்றைக்கு நிரப்பியது என்று தெரியவேண்டும். அந்தப் பதிவைப் பின்னால் யாரும் திருத்தவில்லை என்பதற்கும் சான்று வேண்டும். அதற்காக ஒரு ஹாஷை (பதிவின் கைரேகை போன்ற எண், பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் அதுவும் மாறும்) பொதுச் செயினில் பதிகிறோம். சீசன் மே மாதம் சூடுபிடித்து ஜூலையில் ஓய்கிறது. மென்பொருள் ஏப்ரலில் தயாராகிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம்தான். எழுதுகிறவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அதில் ஒருவர் பகலில் ஓசூரிலோ பெங்களூரிலோ வேறு வேலை பார்ப்பார். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வாரம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க இங்கே யாருக்கும் நேரமில்லை. முதல் மாலையிலேயே முடிவாகிவிடுகிறது.

முதல் மணி நேரம்

தளத்தை எடைபோட ஒரு நேரான வழி உண்டு. வேறு எதுவும் நிறுவாத லேப்டாப், புது மின்னஞ்சல், கையில் ஸ்டாப்வாட்ச். கணக்கு தொடங்குங்கள், ஏபிஐ சாவி வாங்குங்கள். செயின் ஐடி (செயினின் அடையாள எண்) கேளுங்கள்: எதீரியத்தின் டெஸ்ட்நெட்டான (சோதனைச் செயினான) செபோலியா என்றால் 11155111 வரவேண்டும், பாலிகானின் டெஸ்ட்நெட்டான அமோய் என்றால் 80002. பிறகு டெஸ்ட் காசு வாங்கி, ஒரே ஒரு ஈவென்ட் (செயினில் பதிவாகும் அறிவிப்பு) வெளியிடும் பத்து வரி கான்ட்ராக்டை (செயினில் ஓடும் நிரலை) ஏற்றி, ஒரு லாட் எண்ணை எழுதி, அதையே திரும்பப் படியுங்கள். படித்தது எழுதியதோடு பொருந்திய நொடியில் கடிகாரத்தை நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் அந்தத் தளத்தோடு மேலே பேசலாம். முடியவில்லை என்றால் எந்தப் படியில் நின்றது என்று குறித்து வையுங்கள். பெரும்பாலும் டெஸ்ட் காசில்தான் நிற்கும்.

ஃபாசெட் என்பது இலவசமாக டெஸ்ட் காசு தரும் இடம். ஆனால் சில ஃபாசெட்டுகள் உங்கள் வாலட்டில் மெயின்நெட் ஈத்தர் (எதீரியத்தின் நிஜக் காசு) 0.001 ஆவது இருந்தால்தான் தரும். ரோபோக்களைத் தடுக்கத்தான் இந்த நிபந்தனை, அதில் நியாயம் இல்லாமலில்லை. கோர்லி டெஸ்ட்நெட்டில் காசு பற்றாக்குறையாகி, 2023 தொடக்கத்தில் அந்த டெஸ்ட் ஈத்தருக்கே சந்தை விலை வந்த கதை எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் இந்தியாவில் அந்த 0.001 ஈத்தரை வாங்க எக்ஸ்சேஞ்ச் கணக்கு, கேஒய்சி, 2022 ஜூலையிலிருந்து 1% டிடிஎஸ், லாபம் வந்தால் 30% வரி என்று ஒரு வரிசையே நிற்கிறது. கம்பெனி பெயரில் வாங்கினால் 2021 ஏப்ரலிலிருந்து நிதியறிக்கையில் கிரிப்டோ கையிருப்பைக் காட்டவும் வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து யோசித்தவருக்கு அது ஒரு கிளிக். கிருஷ்ணகிரியில் அது ஆடிட்டரிடம் போகும் விஷயம். கணக்கு தொடங்கியதுமே, எந்தக் கையிருப்பும் கேட்காமல், ஒரு வார வேலைக்குப் போதுமான டெஸ்ட் காசைத் தருகிற தளம் இங்கே பாதிப் போட்டியை அங்கேயே ஜெயித்துவிடுகிறது.

காசு கிடைக்கவில்லை என்று வேலையை நிறுத்தவேண்டியதில்லை. ஹார்ட்ஹேட் அல்லது ஃபவுண்ட்ரியின் ஆன்வில் என்ற போலிச் செயின் கருவியை லேப்டாப்பிலேயே ஓட்டலாம். இரண்டுமே 8545 போர்ட்டில், 31337 செயின் ஐடியில், கணக்கு ஒவ்வொன்றிலும் 10,000 போலி ஈத்தரோடு எழும். கரண்ட் போனாலும் நெட் போனாலும் வேலை நிற்காது. லாட் தர்க்கத்தில் பெரும்பகுதியை இதிலேயே முடித்துவிட்டு, கட்டணம், தாமதம், வரம்பு ஆகியவற்றைப் பார்க்க மட்டும் டெஸ்ட்நெட்டுக்குப் போனால் போதும். செபோலியாவுக்கு ஒரு மாற்று வழியும் இருக்கிறது: உலாவியை மைனிங் செய்யவிட்டு அதற்குக் கூலியாக டெஸ்ட் ஈத்தர் தரும் ஃபாசெட். லேப்டாப் சூடாகும், ஆனால் யாரிடமும் கேஒய்சி கொடுக்கவேண்டாம்.

அடுத்து சிக்குவது மாதிரிக் கோடு (நகலெடுத்து ஓட்டிப் பார்க்கும் நிரல்). செயினோடு பேச உதவும் ஈத்தர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் 2023-ல் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆறுக்கு மாறியபோது புரொவைடரின் பெயர் இருந்த இடம் மாறியது, பிக்நம்பர் போய் ஜாவாஸ்கிரிப்டின் சொந்த பிக்இன்ட் வந்தது. டாக்ஸில் (தளத்தின் விளக்கப் பக்கங்களில்) ஐந்தாம் பதிப்புக் கோடு இருக்கும், நூலகத்தை நிறுவும் கருவியான என்பிஎம் ஆறாம் பதிப்பை நிறுவும், முதல் வரியிலேயே ‘அன்டிஃபைன்டு’ பிழை. ட்ரஃபிள், கனாஷ் என்ற டெவலப்பர் கருவிகள் நிறுத்தப்படுவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். பாலிகான் மும்பை டெஸ்ட்நெட் 2024 ஏப்ரலில் மூடப்பட்டு அமோய் வந்தது. வெப்3 ஜேஎஸ் நூலகம் 2025 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. இதையெல்லாம் இன்னும் ‘தொடக்கப் பாடம்’ என்று வைத்திருக்கும் தளங்கள் உண்டு. பர்கூர், செட்டிக்கரை பக்கத்து இன்ஜினியரிங் மாணவர் புராஜெக்ட்டுக்காக முதன்முதலில் திறக்கும் பக்கம் அதுதான். கோடு ஓடவில்லை என்றால் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார், பிறகு அந்தத் தளத்தின் பக்கமே வரமாட்டார். இரண்டு வருடம் கழித்து அவர் பெங்களூரில் ஒரு குழுவில் உட்கார்ந்து எதை வாங்கலாம் என்று கருத்துச் சொல்லும்போது அந்த அனுபவமும் கூடவே வரும்.

தளம் நடத்துகிறவர்களுக்கு இதில் செய்யவேண்டியது அதிகமில்லை. டாக்ஸில் உள்ள ஒவ்வொரு கோடுத் துண்டையும் தனிக் கோப்பாக வைத்து, தினமும் இரவில் சுத்தமான கன்டெய்னரில் ஓட்டுங்கள். உடைந்தால் அந்தப் பக்கம் வெளியீட்டிலிருந்து இறங்கவேண்டும். பக்கத்தின் தலையில் ‘கடைசியாக ஓடிய தேதி’ என்று ஒரு வரி போடுங்கள். எங்கள் பக்கத்து டெவலப்பர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

பிழைச் செய்தி

வேகமும் அப்டைமும் விளம்பரத்தில் வரும். தளத்தின் உண்மையான குணம் பிழைச் செய்தியில் தெரியும், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

பாலிகானில் முதல் பரிவர்த்தனை அனுப்புகிறவர் பெரும்பாலும் இதில் மாட்டுவார்: நூலகத்தின் பழைய பதிப்பு தானாகப் போட்ட டிப் (பிளாக்கில் சேர்க்கத் தரும் கூடுதல் கட்டணம்) 1.5 க்வெய் (செயினின் காசில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு க்வெய்), செயின் கேட்பது 25 க்வெய். நல்ல நோடு (செயினை ஓட்டும் கணினி) ‘உங்கள் டிப் இவ்வளவு, குறைந்தபட்சத் தேவை இவ்வளவு’ என்று இரண்டு எண்ணையும் ஒரே வரியில் சொல்லிவிடும். படித்ததும் கை தானாகவே திருத்திவிடும். அதையே நோடுக்கும் உங்களுக்கும் இடையில் நிற்கும் சில கேட்வேக்கள் ‘உள்பிழை’ என்று சுருக்கித் தருகின்றன. இரண்டு எண்ணை விழுங்கியதால் ஒருவரின் மாலை முழுவதும் போகிறது. டிப்பை நிலையான எண்ணாகக் கோடில் எழுதாமல், கட்டண வரலாறு தரும் அழைப்பில் கேட்டு, குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாமல் வைப்பது முறை. அடிப்படைக் கட்டணம் பிளாக்குக்கு பிளாக் எதீரியத்தில் 12.5% வரை ஏறலாம், அதனால் உச்சவரம்பை அப்போதைய அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்காக வைத்தால் ஐந்தாறு பிளாக் வரை தாங்கும்.

இரண்டாவது ‘இன்வாலிட் ஆப்கோடு’. கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சொலிடிட்டியின் 0.8.20 கம்பைலர் 2023 மே மாதம் வந்தபோது அதன் இயல்பு இலக்கு ஷாங்காய் என்ற புது எதீரியம் பதிப்பு ஆனது. ‘புஷ்0’ என்ற புது ஆப்கோடை (இயந்திரக் கட்டளையை) அது பைட்கோடில் போட்டது. அதை ஏற்காத செயின்களில் கான்ட்ராக்ட் ஏறவே ஏறாது. லேப்டாப்பில் ஓடும், செபோலியாவில் ஓடும், வாடிக்கையாளர் கேட்ட செயினில் மட்டும் ஓடாது. கம்பைலர் அமைப்பில் இவிஎம் (கான்ட்ராக்டை ஓட்டும் இயந்திரம்) பதிப்பைப் ‘பாரிஸ்’ என்று வைத்தால் தீர்ந்தது. ஒரு செயின் எந்த இவிஎம் பதிப்பை ஏற்கிறது என்பதை இணைப்பு விவரப் பக்கத்திலேயே, செயின் ஐடிக்கு அடுத்த வரியில் எழுதிவைக்கும் தளங்கள் மிகக் குறைவு. எழுதினால் ஒரு வரிதான்.

மூன்றாவது, காரணம் சொல்லாத ரிவர்ட் (கான்ட்ராக்ட் மறுத்துத் திருப்பிவிடுவது). ‘எக்ஸிக்யூஷன் ரிவர்ட்டட்’ என்று மட்டும் வரும். சொலிடிட்டி 0.8.4-லிருந்து கஸ்டம் எரர் வந்துவிட்டது. அதன் காரணம் பதிலின் ‘டேட்டா’ புலத்தில் பைட்டுகளாக இருக்கும், நூலகம் அதை கான்ட்ராக்டின் ஏபிஐ (ABI, அழைப்புகளையும் பிழைகளையும் பட்டியலிடும் கோப்பு) விவரத்தோடு பொருத்தி ‘லாட் ஏற்கெனவே மூடப்பட்டது’ என்று காட்டும். இடையில் இருக்கும் கேட்வே அந்தப் புலத்தை வெட்டிவிட்டால் கான்ட்ராக்டை எவ்வளவு ஒழுங்காக எழுதியும் பயனில்லை. தளத்தைச் சோதிக்கும்போது வேண்டுமென்றே ரிவர்ட் ஆகும் ஒரு அழைப்பை அனுப்பிப் பாருங்கள். டேட்டா முழுதாக வருகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்காவது நான்ஸ் சண்டை. நான்ஸ் என்பது ஒரு வாலட்டின் பரிவர்த்தனைகளுக்கு வரிசையாக வரும் எண். எடைமேடையில் ஒருவர், லேபில் ஒருவர், இருவரும் ஒரே வாலட்டிலிருந்து ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். இரண்டுக்கும் ஒரே நான்ஸ். ஒன்று போகும், மற்றது ‘நான்ஸ் டூ லோ’ என்றோ ‘ரீப்ளேஸ்மென்ட் அண்டர்பிரைஸ்டு’ என்றோ திரும்பும். இரண்டாவது செய்தியைப் பார்த்துக் கட்டணத்தை 10% கூட்டி மறுபடி அனுப்பினால் கெத் என்ற மென்பொருளில் ஓடும் நோடு ஏற்றுக்கொள்ளும், ஆனால் முதல் பதிவு அழிந்து இரண்டாவது அந்த இடத்தில் உட்காரும். லேப் பதிவு எடைப் பதிவைத் தின்றுவிட்டது என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். தளத்தின் பின்னால் பல நோடுகள் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்: நிலுவையில் எத்தனை பரிவர்த்தனை என்று கேட்டால் ஒரு நோடு 41 என்னும், அடுத்தது 40 என்னும். வழி என்னவென்றால், அனுப்பும் வேலையை ஒரே ப்ராசஸிடம் விடுங்கள். நான்ஸை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு வரிசையாக வைத்து, அந்த வரிசையைப் பூட்டி எடுத்து, அனுப்பிய பிறகு விடுங்கள். நிலையத்துக்கு ஒரு வாலட் என்று பிரித்தும் வைக்கலாம், ஆனால் அத்தனை வாலட்டிலும் கேஸ் காசு (பரிவர்த்தனைக் கட்டணத்துக்கான காசு) தீராமல் பார்க்கும் வேலை கூடவே வரும்.

எதை எழுதுவது

புது டெவலப்பர் எல்லாவற்றையும் செயினில் எழுதப் பார்ப்பார். கணக்கு போட்டுப் பார்த்தால் ஆசை அடங்கும். கான்ட்ராக்டின் ஸ்டோரேஜில் ஒரு புது இடத்தில் எழுத 22,100 கேஸ் (செயின் செய்யும் வேலையின் அளவு, கட்டணம் இதை வைத்துத்தான்). அதே 32 பைட்டை லாட் எண்ணோடு ஈவென்டாக வெளியிட்டால் அந்த ஈவென்ட் பதிவுக்கு (லாகுக்கு) ஆவது 1,381: அடிப்படை 375, இரண்டு டாபிக்குக்கு (தேட உதவும் சாவிக்கு) 750, டேட்டாவுக்கு 256. ஆனால் எந்தப் பரிவர்த்தனைக்கும் 21,000 அடிப்படை உண்டு, அதனால் ஒரு பதிவு ஏறத்தாழ 24,000 கேஸில் வந்து நிற்கும். நாளுக்கு 400 டிரம் நிரப்பும் ஓர் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். டிரம்முக்கு ஒரு பரிவர்த்தனை என்றால் 96 லட்சம் கேஸ். ஷிஃப்ட்டுக்கு ஒரு மெர்க்கிள் ரூட் (எல்லா டிரம்மின் ஹாஷையும் மரம்போல் சேர்த்துச் சுருக்கிய ஒரே ஹாஷ்) என்று மூன்றே பரிவர்த்தனை போட்டால் 72,000. ஷிஃப்ட்டில் 130 சொச்சம் டிரம் என்றால் ஒரு டிரம்முக்கான சான்று எட்டு ஹாஷ், 256 பைட். டிரம்மில் ஒட்டும் கியூஆரிலேயே அது அடங்கிவிடும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, தமிழில் தரவு எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற குழி. ‘போச்சம்பள்ளி’ என்று ஒரு கீபோர்டில் அடித்தால் ‘போ’வில் உள்ள ஓகாரக்குறி ஒரே யூனிகோடு எழுத்தாக வரும். இன்னொரு கருவியில் ஏகாரக்குறி, கால் என்று இரண்டாகப் பிரிந்து வரும். திரையில் இரண்டும் ஒன்றே. ஹாஷ் வேறு வேறு. மண்டியில் போனில் பதிந்த ஊர்ப்பெயரும் ஆலையில் கணினியில் பதிந்த ஊர்ப்பெயரும் பொருந்தாமல், ‘பதிவு திருத்தப்பட்டது’ என்று சரிபார்க்கும் பக்கம் சிவப்பில் காட்டும். கொ, கோ, கௌ வரிசைகள் எல்லாவற்றிலும் இது வரும். ஹாஷ் போடுமுன் எல்லா எழுத்துத் தரவையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்கு) மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அது ஒரே ஒரு ‘நார்மலைஸ்’ அழைப்பு. கூடவே கண்ணுக்குத் தெரியாத ஜாய்னர் எழுத்துகளையும் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளியையும் நீக்குங்கள். இதைத் தானாகச் செய்கிற எஸ்டிகே (தளம் தரும் நூலகம்) கிடைத்தால் நல்லது. அது முடியாவிட்டாலும் ‘தரவு என்எஃப்சியில் இல்லை’ என்று எச்சரிக்கிற எஸ்டிகே இந்திய மொழிகளில் வேலை செய்யும் எல்லாரையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

எண்ணிலும் இதே கூத்து உண்டு. பிரிக்ஸ் 14.0 என்று ஓரிடத்தில், 14 என்று இன்னோரிடத்தில். நூறால் பெருக்கி 1400 என்று முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ஜேசனில் புலங்களின் வரிசை மாறினாலும் ஹாஷ் மாறும், ஆகவே வரிசையை நிலையாக்குங்கள். விவசாயி பெயர், போன் எண் எதுவும் செயினுக்குப் போகக்கூடாது. ஹாஷாக்கிப் போட்டாலும் பத்து இலக்கப் போன் எண்ணை எல்லா எண்ணையும் முயன்று கண்டுபிடித்துவிடலாம், அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் தனி ரகசிய உப்பு (ஊகிக்க முடியாத எழுத்துக் கோவை) சேர்த்தே ஹாஷ் போடவேண்டும். மெர்க்கிள் மரத்தைச் சொந்தமாக எழுதாதீர்கள். ஓபன்செப்பலினின் நூலகம் இலைகளை இரட்டை ஹாஷ் செய்கிறது. இடைக்கணுவை இலை என்று காட்டி ஏமாற்றுவதை அது தடுக்கும்.

எழுதியதைத் திரும்பப் படிப்பது

எழுதுவதைவிடப் படிப்பதில்தான் இலவசத் திட்டத்தின் வேஷம் கலையும். லாக் தேடும் அழைப்புக்கு ஒவ்வொரு தளமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒன்றில் 10,000 பதிவு, ஒன்றில் 2,000 பிளாக், சில இலவசத் திட்டங்களில் 10 பிளாக். 2 விநாடிக்கு ஒரு பிளாக் என்றால் நாளுக்கு 43,200, 90 நாள் சீசனுக்கு 38,88,000 பிளாக். 2,000 வரம்பில் முழு சீசனையும் ஒருமுறை படிக்க 1,944 அழைப்பு. 10 வரம்பில் 3,88,800 அழைப்பு. அந்த வரம்பு விலைப்பக்கத்தில் இருக்காது, பிழை வந்தபிறகுதான் தெரியவரும். அதுவும் ஒரு தளத்தில் எச்டிடிபி 429 என்று, இன்னொன்றில் -32005 என்று, வேறொன்றில் வெற்றி என்று 200 சொல்லிவிட்டு உள்ளே பிழையாக. மூன்றையும் கையாளும் கோடு எழுதிவிட்டுத்தான் உட்காரவேண்டியிருக்கிறது.

எழுதும் நேரத்திலேயே லாட் எண்ணோடு பிளாக் எண்ணையும் உங்கள் தரவுத்தளத்தில் சேமித்துவிடுங்கள். பிறகு தேடுவது ஒரே பிளாக்கில். வெப்சாக்கெட்டை (திறந்தபடியே இருக்கும் இணைப்பை) நம்பி ஈவென்ட் கேட்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால் நடுவில் போனவை தானாக வராது. கடைசியாகப் படித்த பிளாக் எண்ணை வைத்து, அங்கிருந்து இப்போது வரை லாக்கைக் கேட்டு நிரப்பவேண்டும். இதையே எஸ்டிகே செய்துதந்தால் டெவலப்பர் ஒரு வார வேலையை மிச்சப்படுத்துவார்.

ரசீது வந்ததும் முடிந்தது என்று நினைப்பதும் ஆகாது. எதீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு ஸ்லாட் (ஒரு பிளாக்குக்கான நேரம்). பதிவு இனி மாறாது என்று இறுதியாவதற்கு 64 ஸ்லாட், ஏறக்குறைய 12.8 நிமிடம் ஆகும். லாரி கேட்டில் நிற்கும்போது அதற்காகக் காக்க வைக்க முடியாது, டிரைவர் ஹாரன் அடித்தே ஊரைக் கூட்டிவிடுவார். கேட் பாஸ் உள்ளூர் தரவுத்தளத்திலிருந்து அச்சாகட்டும். செயினில் எழுதவேண்டியது தனி வரிசையில் நின்று பின்னால் போகட்டும். ‘ஃபைனலைஸ்டு’ என்ற டேக்கோடு கேட்டு உறுதியானதும் பதிவின் நிலையை மாற்றினால் போதும்.

காசும் அரசும்

டாலர் பில், கிரெடிட் கார்டு மட்டும் என்று இருக்கும் தளங்கள் இங்கே தானாகத் தோற்கின்றன. மாதாமாதம் தானாகக் கழியும் கட்டணம் ரூ.15,000-ஐத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். அட்டைக்காரர் ஆலை முதலாளி, அவர் மண்டியில் இருக்கிறார், ஓடிபி காலாவதியாகிறது, சீசன் நடுவில் சாவி நின்றுபோகிறது. ஜிஎஸ்டி எண்ணோடு ரூபாய் பில்லும், பணம் வரத் தாமதமானால் சில நாள் சலுகையும் தொழில்நுட்பமே இல்லை. ஆனாலும் டெவலப்பர் அனுபவத்தில் அதுவும் சேர்த்தி.

கேஸ் டோக்கனையே வாடிக்கையாளர் கையில் வைக்காமல் செய்யவும் வழி வந்துவிட்டது. கட்டணத்தை வேறொருவர் கட்ட வழிசெய்யும் ஈஆர்சி-4337 தரநிலை எதீரியம் மெயின்நெட்டுக்கு வந்தது 2023 மார்ச்சில். அதில் பேமாஸ்டர் என்ற கான்ட்ராக்ட் கட்டணத்தைக் கட்டும், தளம் அதை ரூபாயில் பில் போடும். ஆனால் அதன் பிழைகள் ஏஏ21, ஏஏ25, ஏஏ31 என்று குறியீடாக வரும். 21 என்றால் கணக்கு முன்பணம் கட்டவில்லை, 25 என்றால் நான்ஸ் தவறு, 31 என்றால் பேமாஸ்டரின் வைப்புத்தொகை தீர்ந்துவிட்டது. கடைசியது தளத்தின் பொறுப்பு, டெவலப்பரால் ஒன்றும் செய்யமுடியாது. அதை டெவலப்பருக்குக் காட்டுமுன் தளம் தன் ஆளை எழுப்பவேண்டும்.

அரசு சார்ந்த வேலைகளில் பெரும்பாலும் பொதுச் செயின் வராது. தமிழ்நாடு 2020-லேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது, மத்திய அரசு 2024 செப்டம்பரில் விஷ்வஸ்யா பிளாக்செயின் அடுக்கை அறிவித்தது. அனுமதி பெற்றவர் மட்டும் சேரும் செயின்களின் உலகம் வேறு. உதாரணத்துக்கு ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கை எடுத்தால் இரண்டு இடம் கட்டாயம் கடிக்கும். ஒன்று சான்றிதழ். ஃபேப்ரிக் சிஏ (சான்றிதழ் வழங்கும் பகுதி) தரும் சான்றிதழின் இயல்பு ஆயுள் 8,760 மணி நேரம், அதாவது சரியாக ஒரு வருடம். ஏப்ரலில் நிறுவி ஜூலை வரை ஓட்டி நிறுத்திவைத்த அமைப்பு அடுத்த ஏப்ரலில் எழவே எழாது, பதிவேட்டில் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) பிழை மட்டும் வரும். பிப்ரவரியிலேயே புதுப்பிக்க நாள்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டாவது எம்விசிசி மோதல். ‘இன்றைய மொத்த டிரம்’ என்று ஒரே சாவியை எல்லாரும் கூட்டிக்கொண்டே போனால், ஒரே பிளாக்கில் விழும் இரண்டில் ஒன்று செல்லாததாகும். டிரம்முக்கு ஒரு கூட்டுச் சாவி வைத்து, மொத்தத்தைப் படிக்கும்போது கூட்டிக்கொள்ளுங்கள்.

தளம் விழும் நாள்

2020 நவம்பர் 11 அன்று இன்ஃபுரா என்ற உள்கட்டமைப்புத் தளம் தடுமாறியபோது பைனான்ஸ் போன்ற பெரிய எக்ஸ்சேஞ்சுகளே ஈத்தர் எடுப்பதை நிறுத்திவைத்தன. பழைய கெத் பதிப்பில் ஓடிய நோடுகள் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் பிரிந்ததுதான் காரணம். அதன்பின் அவர்கள் நடந்ததை விளக்கி எழுதினார்கள். எந்தத் தளமும் ஒருநாள் விழும், விழுந்தபின் என்ன எழுதுகிறது என்பதைத் தேர்வு செய்யுமுன் படியுங்கள். ‘சில பயனர்களுக்குச் சிறு பாதிப்பு’ என்று ஒரு வரியில் முடித்தால் அவர்கள் பிழைச் செய்தியும் அப்படித்தான் இருக்கும்.

உங்கள் பக்கம் செய்யவேண்டியது: இரண்டு வழங்குநர், இரண்டிலும் பிளாக் எண்ணை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது, 20-க்கு மேல் வித்தியாசம் வந்தால் பின்தங்கியதை ஒதுக்குவது. பின்தங்கிய நோடு பிழை சொல்லாது, பழைய பதிலைத் தெம்பாகச் சொல்லும். அதனால் பிழைக்கு மட்டும் மாறும் ஏற்பாடு போதாது. மென்பொருள் எழும்போதே செயின் ஐடியைக் கேட்டுப் பொருந்தாவிட்டால் நிற்கட்டும். டெஸ்ட் முகவரி தவறி உற்பத்தி அமைப்புக்குள் வந்துவிட்டால் அந்த ஒரு வரிதான் காப்பாற்றும்.

ஒவ்வொரு தளமும் தனக்கென்று சில வசதி அழைப்புகள் வைத்திருக்கும்: ஒரே கேள்வியில் வாலட்டின் முழு வரலாறு, ஆயத்த இண்டெக்ஸ், வெப்ஹூக். மிக வசதியானவை, நேரத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்துபவை. தளங்களுக்கு டெவலப்பர் அனுபவம் வியாபாரமாக மாறுவதும் இங்கேதான், ஏனெனில் அவற்றைப் பயன்படுத்தியவர் சுலபமாகக் கிளம்பமுடியாது. பயன்படுத்தலாம், தவறில்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் அடைத்துவையுங்கள், மற்ற கோடு அந்தக் கோப்போடு மட்டும் பேசட்டும். காய் வரத்து ஓய்ந்த ஆகஸ்டில் இரண்டாவது வழங்குநரின் முகவரியைப் போட்டு, முடிந்த சீசனின் ஒரு லாட்டை முதலிலிருந்து கடைசிவரை சரிபார்த்துப் பாருங்கள். எத்தனை கோப்பைத் தொடவேண்டி வந்தது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் என்றால் அடுத்த ஏப்ரலுக்குள் அதைச் சரிசெய்ய எட்டு மாதம் இருக்கிறது.